புலி எண்ணிக்கையோடு வீச்சையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் 2006இல் 76 புலிகள், 2022இல் 306 புலிகள், ஆகவே நான்கு மடங்கு வளர்ச்சி என்று தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு கட்டம் வெளியாகியிருந்தது. எண்கள் இரண்டும் சரி. இடையில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்த 163, 229, 264 ஆகியவையும் சரி. ஆனால் ஐந்தையும் படிக்கட்டு மாதிரி வரைந்துவிட்டால், 230 புலிகள் புதிதாகப் பிறந்து வளர்ந்ததாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார். அதில் புலி பெருகியதால் வந்தது எவ்வளவு, தேடல் பெருகியதால் வந்தது எவ்வளவு என்பதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. நாடு முழுவதும் 2014இல் தானியங்கி கேமரா வைத்த இடங்கள் 9,735. 2018இல் அது 26,838, 2022இல் 32,588. முன்பு கேமராவே போகாத காடுகளுக்கும் இப்போது போயிருக்கிறது.

புலி பெருகவில்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சத்தியமங்கலத்தில் பெருகியிருக்கிறது. 2013இல்தான் அது புலிகள் காப்பகமானது. 2022 மதிப்பீட்டின்படி காப்பகத்துக்குள் 85 புலிகள். முதுமலையில் 114. என் குறையெல்லாம் எண்ணைத் தனியாக நறுக்கி எடுத்து அச்சிடும் பழக்கத்தின் மேல்தான். அது எப்படி ஆளை ஏமாற்றும் என்பதற்கு 2023ஆம் ஆண்டே சாட்சி.

அந்த ஏப்ரல் 9ஆம் தேதி மைசூருவில், புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் பொன்விழாவில் ஓர் எண் வெளியானது. நாட்டில் குறைந்தபட்சம் 3,167 புலிகள். அதோடு வந்த சுருக்க அறிக்கையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 824 என்று இருந்தது. 2018 அறிக்கையில் இதே மலைத்தொடருக்கு 981. மறுநாளே பல இடங்களில் ‘மேற்குத் தொடர்ச்சி மலையில் புலிகள் சரிவு’ என்று தலைப்புகள் வந்தன. ஜூலை 29இல் முழு மதிப்பீடு வந்தபோது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 1,087, நாட்டுக்கு 3,682. மூன்றரை மாதத்தில் 263 புலிகள் எங்கிருந்து வந்தன? எங்கிருந்தும் வரவில்லை. 824 என்பது கேமராவில் தனித்தனியாக அடையாளம் காணப்பட்ட புலிகள். 981 என்பது கேமராவில் விழாதவற்றையும் சேர்த்துக் கணித்த மதிப்பீடு. நிறுத்துப் பார்த்த சுமையையும் கண்ணால் மதித்த களத்து நெல்லையும் அருகருகே வைத்து விளைச்சல் குறைந்தது என்று சொன்ன மாதிரி. மலைத்தொடரின் மொத்த மதிப்பீடு குறையாமலேயே ‘சரிவு’ அச்சேறிவிட்டது. அந்த அறிக்கை சில பகுதிகளில் புலி நடமாட்டம் சுருங்கியிருப்பதையும் சொல்லியிருந்தது. உண்மையில் பேசியிருக்க வேண்டிய செய்தி அதுதான். கூச்சலில் அது காணாமல் போயிற்று.

இந்த வேறுபாடு புரிய, மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஓர் ஏரியில் எத்தனை மீன் என்று கேட்கிறார்கள். 40 மீன் பிடித்து, அடையாளம் வைத்து, திரும்ப விடுகிறோம். சில நாள் கழித்து 50 பிடிக்கிறோம். அவற்றில் 20இல் நம் அடையாளம் இருக்கிறது. ஐந்தில் இரண்டு பங்கு மீன் அடையாளம் உள்ளது என்றால், நாம் அடையாளமிட்ட 40 மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ஏரியில் ஏறக்குறைய 100 மீன். புலிக்கு நாம் அடையாளம் வைக்க வேண்டியதில்லை, அதன் வரியே கைரேகை. முதலில் படத்தில் விழுந்த புலி மறுபடி எத்தனை தரம், எந்தெந்த கேமராவில் விழுகிறது என்பதிலிருந்து, விழாத புலிகள் எத்தனை என்று கணிக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இந்த முறையைப் புலிக்குப் பொருத்திக் காட்டினார். இப்போதைய கணக்கில் கேமராக்களின் இருப்பிடமும் சேர்ந்திருப்பதால், கேமராக்களின் எல்லைக்கு வெளியே பாதி வாழ்க்கை நடத்தும் புலியையும் ஓரளவு சரியாகக் கணக்கில் கொள்ள முடிகிறது.

ஏரிக் கணக்கில் இரண்டாம் தரம் பிடித்த 50 மீனில் 4இல் மட்டும் அடையாளம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விடை 500. அந்த நாலு ஐந்தாகியிருந்தால் 400, மூன்றாகியிருந்தால் 667. ஒற்றை மீன் விடையை இப்படிப் புரட்டுகிறது. அதனால்தான் அறிக்கையில் ஒரு எண் மட்டும் இருப்பதில்லை, கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொண்ட ஒரு வீச்சு இருக்கிறது. 2022க்கு அது 3,167 முதல் 3,925 வரை. 3,682 என்பது அந்த இரண்டு எல்லைக்கும் இடையே நிற்கும் எண், அவ்வளவே. புலி அடர்ந்த முதுமலையில் ஒரே புலி பல தரம் படத்தில் விழும், அதனால் வீச்சு குறுகும். களக்காடு–முண்டந்துறை போலப் புலி ஒற்றை இலக்கத்தில் இருக்கும் ஈரக்காட்டில் ஒரு படம் கூடினாலும் குறைந்தாலும் விடை ஆடும். அங்கே ‘இரண்டு புலி குறைந்தது’ என்று செய்தி எழுதுவதில் பொருளே இல்லை.

இந்த ஏரியில் இடையில் மதகு திறந்திருக்கக் கூடாது. மீன் உள்ளே வந்துகொண்டும் வெளியே போய்க்கொண்டும் இருந்தால் கணக்கு கெட்டது. ஆகவேதான் ஒரு பகுதியில் கேமராக்களை 25 நாளுக்குக் குறையாமலும், அதே சமயம் மாதக்கணக்கில் இழுத்துவிடாமலும் வைக்கிறார்கள். முதுமலை, பந்திப்பூர், வயநாடு, சத்தியமங்கலம் எல்லாம் ஒரே காடு. மாயாற்றைக் கடக்கும் புலிக்கு மாநில எல்லை தெரியாது. இரு பக்கமும் வேறு வேறு மாதத்தில் கேமரா வைத்து, படங்களை ஒப்பிடாமல் விட்டால் ஒரே புலி இரண்டு கணக்கிலும் ஏறும். மாநிலவாரி எண்ணைப் பந்தய அட்டவணை போலப் போடும்போது இதையும் நினைவில் கொள்ளலாம்.

இனி கேமராவுக்கு வருகிறேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்து எண் சரியா தப்பா என்பது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

காட்டை 2 சதுர கி.மீ. கட்டங்களாக வரைபடத்தில் பிரிக்கிறார்கள். கட்டம் ஒன்றுக்கு ஓரிடம், ஓரிடத்துக்கு இரண்டு கேமரா, பாதையின் இருபுறமும் ஒன்றை ஒன்று பார்த்தபடி. ஏன் இரண்டு? புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. ஒரு கேமரா மட்டும் இருந்து, ஒரு நாள் இடப்பக்கமும் இன்னொரு நாள் வலப்பக்கமும் விழுந்தால், அது ஒரு புலியா இரண்டு புலியா என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்று பழுதானால் அந்த இடத்தின் படங்களில் பாதி மதிப்பு போய்விடும். இரண்டையும் அச்சுப் பிசகாமல் நேருக்கு நேர் வைத்தாலும் தொல்லைதான். ஒன்றின் பிளாஷ் மற்றதன் கண்ணில் அடித்துப் படம் வெளுத்துப்போகும். ஓரிரு அடி தள்ளி வைக்க வேண்டும்.

உயரம் ஏறத்தாழ ஒரு முழம், அதாவது 40 முதல் 45 செ.மீ. புலியின் விலாவுக்கு நேராக லென்ஸ் நிற்க வேண்டும். ஆள் நின்றபடி வசதியாகக் கட்டினால் அது இடுப்புயரத்துக்குப் போய்விடுகிறது. முதுகுதான் படத்தில் விழும், வரி தெரியாது. பாதையின் நடுவிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளியிருந்தால் முழு உடலும் சட்டத்துக்குள் வரும். மேடு பள்ளமான இடத்தில் முழத்தை மரத்தடியிலிருந்து அளக்கக் கூடாது, புலி நடக்கும் பாதையின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். கட்டி முடித்ததும் ஒருவர் நாலு காலில் தவழ்ந்து போய்ப் படம் விழுகிறதா என்று பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றும். அதைச் செய்யாமல் வந்த இடங்களில் 30 நாள் முடிவில் வெறும் மெமரி கார்டைக் கழற்றி வர நேர்வது வழக்கம்.

இந்தக் கேமராக்கள் அசைவை மட்டும் பார்ப்பதில்லை. பின்னணியின் வெப்பத்துக்கும் உடலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு நகர்வதைத்தான் உணர்கின்றன. நீலகிரியில் சீகூர் பக்கத்து முட்காட்டில் ஏப்ரல் நண்பகலில் பாறையும் தரையும் புலியின் உடம்பு அளவுக்குச் சூடேறிவிடும். புலி குறுக்கே போனாலும் கேமரா தூங்கும். எதிர்த் தொல்லையும் உண்டு. லென்ஸுக்கு முன்னால் ஒரு கைப்பிடி காய்ந்த புல் வெயிலில் சூடாகிக் காற்றில் ஆடினால் இரண்டே நாளில் ஆயிரக்கணக்கில் வெற்றுப் படம் சேர்ந்து, கார்டும் நிறைந்து, பேட்டரியும் தீர்ந்துவிடும். கேமராவுக்கு முன் சில மீட்டர் தூரம் புல்லையும் உன்னிச்செடிக் கிளையையும் வெட்டி விடுவதும், லென்ஸ் கிழக்கையோ மேற்கையோ நேராகப் பார்க்காதபடி திருப்புவதும் இதற்காகத்தான். இரவுப் படத்துக்கு வெள்ளை பிளாஷ் உள்ள மாடல்களில் வரி தெளிவாக இருக்கும். அகச்சிவப்பு மாடல்களில் விலங்கு மிரளாது, ஆனால் நடக்கும் புலியின் வரி மங்கலாகிவிடும். அடையாளம் காண்பதே நோக்கம் என்றால் முதல் வகையே மேல்.

அதிகம் பேர் கவனிக்காத கோளாறு கடிகாரம். பேட்டரி மாற்றும்போது சில மாடல்களில் தேதியும் நேரமும் அழிந்து தொழிற்சாலைத் தேதிக்கே திரும்பிவிடும். அதற்குப் பிறகு எடுத்த படம் ஒவ்வொன்றும் ஏதோ பழைய ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதியைக் காட்டும். எதிர்ப்பக்கத்து கேமராவின் படத்தோடு அதைச் சேர்க்க வழியிருக்காது. மருந்து எளிது. கேமராவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், இட எண்ணும் தேதியும் நேரமும் எழுதிய பலகையை லென்ஸ் முன் பிடித்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பின்னால் எது பிசகினாலும் அந்தப் பலகையை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். யானை பிடுங்கி மிதிப்பதற்கு இரும்புக் கூடும் தடித்த மரமும் கொஞ்சம் உதவும். முழுத் தீர்வு கிடையாது. கேமரா எத்தனை இரவு வேலை செய்யவில்லை என்பதை மறைக்காமல் எழுதினாலே போதும், கணக்கில் அதைச் சரி செய்ய இடமிருக்கிறது. வேலை செய்யாத இரவுகளையும் வேலை செய்ததாக எழுதினால்தான், புலி இருந்தும் ‘இல்லை’ என்று விடை வரும்.

இடத் தேர்வு இன்னொரு சிக்கல். ஜீப் போகும் பாதையோரமாக வைத்தால் ஒரே நாளில் இருபது இடம் முடிந்துவிடும். கட்டத்தின் உள்ளே நடந்து, ஓடைப் படுகையிலும் கணவாயிலும் கால்தடமும் எச்சமும் நகக்கீறலும் தேடி, புலி உண்மையில் நடக்கும் தடத்தில் வைக்க அரை நாள் ஆகும். தடம் தெரிந்தவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். முதுமலையில் இருளரும் குறும்பரும் காட்டுநாயக்கரும், ஆனைமலையில் காடரும் மலசரும், களக்காட்டில் காணிகளும் இந்தப் பணியில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் தற்காலிகப் பணியாளர்கள். ஒரு பெரிய சிறுத்தையின் தடத்தையும் இளம் புலியின் தடத்தையும் பிரித்துச் சொல்லும் கண் பத்து வருட நடையில் வருவது. பயிற்சி வகுப்பில் வராது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வனச்சரகத்தில் தரவின் தரமும் மாறிக்கொண்டே இருக்கும்.

கேமரா நிற்கும் காடு மொத்தத்தில் ஒரு பகுதிதான். மீதிக்கு, வனத்துறையில் பீட் என்று சொல்லும் காவல் பகுதி ஒவ்வொன்றிலும் நடந்தே தரவு சேர்க்கிறார்கள். 2022 சுற்றில் இப்படி நடந்த தூரம் 6,41,449 கி.மீ. ஊனுண்ணிகளின் அடையாளம் தேட 5 கி.மீ. நீளத்தில் மூன்று தடங்கள். இரை விலங்குக்கு 2 கி.மீ. நேர்கோட்டுப் பாதை. அதில் விடிந்ததும், வேறு வேறு நாளில் மூன்று முறை நடப்பார்கள். புலியைவிட இரையின் எண்ணிக்கைதான் அடுத்த பத்தாண்டைச் சொல்லும் என்பதால், என்னைக் கேட்டால் இந்த 2 கி.மீ. நடையே முழு வேலையின் உயிர்நாடி. ஆனால் இதைப் பற்றி ஒரு வரிச் செய்தி வந்து நான் பார்த்ததில்லை.

அந்த நடையில் புள்ளிமான் கூட்டத்தைக் கண்டால் எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. நிற்கும் இடத்திலிருந்து கூட்டத்தின் நடுவுக்கு எவ்வளவு தூரம், பாதைக்கும் அந்தப் பார்வைக்கும் இடையே எத்தனை டிகிரி என்று தூரமானியிலும் திசைகாட்டியிலும் பார்த்து எழுத வேண்டும். 60 மீட்டர் தூரம், 30 டிகிரி என்றால் மான் பாதையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கிறது. திசைகாட்டி பாராமல் குத்துமதிப்பாக 45 டிகிரி என்று எழுதினால் அந்த 30 மீட்டர் 42 ஆகிவிடும். எல்லாப் பதிவிலும் இப்படி நேர்ந்தால், தேடிய பரப்பு அதிகமாகத் தோன்றி, மானின் அடர்த்தி உண்மையைவிட ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்து தெரியும். மான் மிரண்டு ஓடி நின்ற இடத்தை அளப்பதும் இதே பிழையைத்தான் தரும். முதலில் பார்த்தபோது நின்ற இடத்தையே அளக்க வேண்டும். ஒன்றுமே தென்படாத நடையையும் ‘ஒன்றுமில்லை’ என்று பதிய வேண்டும். வெறுங்கையோடு வந்தோமே என்று கூச்சப்பட்டு அந்தத் தாளைக் கிழித்துவிட்டால், பார்த்த நாள்கள் மட்டும் மிஞ்சிக் காடு நிறைய மான் இருப்பதாகக் கணக்கு வரும்.

இந்தப் பதிவுகளும் அன்றாட ரோந்தும் இப்போது எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற கைபேசிச் செயலியில் ஏறுகின்றன. நடந்த வழி வரைபடத்தில் கோடாக விழும். ஒரு மாதக் கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில இடங்கள் கறுத்திருக்கும், சில இடங்கள் வெள்ளையாகவே இருக்கும். வெள்ளை இடத்தில் விலங்கு இல்லை என்று பொருளல்ல. அங்கே யாரும் போகவில்லை என்றுதான் பொருள். உன்னிச்செடியும் மஞ்சள் கொன்றையும் ஆள் நுழைய முடியாதபடி மண்டிய இடமாக இருக்கலாம், மாநில எல்லையாக இருக்கலாம். கண்ணி வைப்பவனுக்கும் அந்த வெள்ளை இடம் தெரியும். மாதத்துக்கு ஒரு தடவை இந்த வரைபடத்தைச் சரக அளவில் விரித்துப் பார்த்து அடுத்த மாத ரோந்தை மாற்றி அமைத்தால்தான் செயலியால் பயன். மேலே அனுப்புவதற்கு மட்டும் என்றால் அது நடைதூரப் பதிவேடாகச் சுருங்கிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு: ஏட்டில் புலி இருந்தால் காட்டிலும் இருக்கும் என்று பொருளல்ல. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் நடந்தது அதுதான். 2004இல்கூட ஏட்டில் அங்கே பதினைந்துக்கு மேல் புலிகள் இருந்தன. 2005 தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. அப்போதிருந்த முறை கால்தடத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் வரைந்து எண்ணுவது. ஒரே புலி ஈரமணலில் ஒரு தடமும் புழுதியில் வேறொரு தடமும் விடும். வரைபவர் கைக்கு ஏற்ப அளவும் மாறும். அதைவிட, முந்தைய ஆண்டு எண்ணைவிடக் குறைத்து எழுத யாருக்கும் துணிவில்லை. அதன் பிறகுதான் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இன்றைய முறையும் வந்தன. முறை மாறியது நல்லது. எண் குறைந்தால் தலை உருளும், கூடினால் மாலை விழும் என்ற நிலை மட்டும் மாறவில்லை. அதில் பத்திரிகைகளுக்கும் பங்கு இல்லாமல் இல்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இது. அடுத்த மதிப்பீட்டு எண் வரும்போது அதன் கீழ் எல்லையும் மேல் எல்லையும் சேர்த்து வெளியிடுங்கள். இடமில்லை என்று உதவி ஆசிரியர் சொல்வார். ‘3,682’க்குப் பக்கத்தில் ‘3,167 – 3,925’ என்று போட அரை வரி போதும். படத்தில் அடையாளம் கண்ட புலிகள் எத்தனை, கணித்தவை எத்தனை என்று பிரித்துப் போடுங்கள். முந்தைய சுற்றோடு ஒப்பிடும்போது கேமரா வைத்த இடங்கள் எத்தனை என்பதையும் போடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகள் கணக்கில் சேராது என்பதையும் ஒரு தரம் சொல்லிவிட்டால், ‘நாலு குட்டி போட்டதே, எண்ணிக்கை ஏன் கூடவில்லை’ என்ற கடிதங்கள் தங்களுக்கு வராது.

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் எண்ணோடு நிறுத்திவிடாமல், இடைப்பட்ட ஆண்டுகளிலும் கேளுங்கள். புலிகள் காப்பகங்களில் ஆண்டுதோறும் கேமரா வைக்க வேண்டும் என்பது விதி. அதில் போன வருடம் கண்ட புலிகளில் எத்தனை இந்த வருடமும் தெரிகின்றன? காணாமல் போனவை எத்தனை, புதியவை எத்தனை? மொத்தம் அப்படியே இருந்து, பாதிப் புலிகள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருந்தால் அது நல்ல காடு அல்ல, புலியை விழுங்கும் காடு. தலை எண்ணிக்கையில் அது தெரியவே தெரியாது. கடமானும் காட்டுமாடும் எந்தச் சரகத்தில் கூடியிருக்கின்றன, எதில் குறைந்திருக்கின்றன? களை அகற்றிய இடத்தில் மூன்றாம் ஆண்டு என்ன முளைத்திருக்கிறது? காவலர் பணியிடங்களில் எத்தனை காலி? இவையெல்லாம் வனத்துறையிடம் கேட்டால் கிடைக்கும் விவரங்கள்தான்.

கடைசியாக ஒன்று. கேமராவில் விழுந்த புலிப் படத்தை வெளியிடும்போது சரகத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடைப் பெயர், பாறைப் பெயர், பாலத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் வேண்டாம். அதே கேமராக்களில் விறகுக்கும் தேனுக்கும் போகும் பழங்குடிப் பெண்களின் படங்களும் விழுகின்றன. அவை கசிந்து யார் கையிலாவது வந்து, தங்கள் அலுவலகத்துக்கும் வந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வனவிலங்குக் கணக்கெடுப்புப் பயிற்சியாளர் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்